பேர் போட்ட தாள்

விருதுநகர் தாண்டிவிட்டாராம். தாமார் அம்மா போனில் அப்படிச் சொல்லிப் பத்து நிமிஷம் ஆகிறது, இந்நேரம் பஸ் ஆமத்தூர் வந்திருக்கும், திருத்தங்கலில் ரயில்வே கேட் மூடியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கூடக் கிடைக்கும், கேட் மூடியிருக்க வேண்டும் கடவுளே, சரக்கு ரயிலாக, நீளமான சரக்கு ரயிலாக ஒன்றை அனுப்பி வை என்று வேண்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் கேட்கிறேன். அவருடைய பேரைத்தானே நான் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு சாமியிடம் கேட்கலாம் என்றால் இது அவருடைய இலாகா, மற்றவர்கள் தலையிட மாட்டார்கள். கீழே ஆப்செட் மெஷின் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த வருஷத்துக் காலண்டர், நான் வரைந்த முருகன் மணிக்கு எட்டாயிரம் பேராக வெளியே வந்துகொண்டிருக்கிறார், எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள், எனக்கு மாடியில் டிசைன் ரூமில் மின்விசிறிக்கு நேர்கீழே வியர்க்கிறது. நாற்பத்திரண்டு தாள். நாற்பத்திரண்டும் வெடிக் குழாயாகப் போய்விட்டது. இதை எப்படிச் சொல்வது. 'அம்மா, ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிக்கலாம், கடவுள் பேர் சின்ன விஷயமா என்று கேட்டுவிட்டால்? 'பெரிய விஷயம்' என்று ஆரம்பித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், அறுபது வயது. 'முதல்ல டீ சாப்பிடுங்க' என்று ஆரம்பிப்பதுதான் முறை. எங்கள் ஊரில் எல்லாக் கெட்ட செய்தியும் டீயில்தான் ஆரம்பிக்கும், அதனாலேயே பாதிப் பேர் டீ என்றதும் என்னாச்சு என்று கேட்டுவிடுகிறார்கள்.

தாமார் அம்மா இஸ்ரேல்காரர், யூதர், கொடைக்கானலுக்கு மேலே வட்டக்கானலில் பதினோரு வருஷமாக இருக்கிறார், கேரட் விற்கிற பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் பேச்சில் யாரும் அவரை ஜெயிக்க முடியாது. போன தை மாதம் ஒரு துணிப்பையோடு இதே நாற்காலிக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, எனக்கு ஒரு சீட்டுக்கட்டு போடணும்" என்றார். ரம்மிக்கா என்று கேட்டுவிட்டேன். டேரட்டாம். இருபத்திரண்டு சீட்டு, குலுக்கிப்போட்டு ஒன்று எடுத்தால் நம் நிலைமையைச் சொல்லும். "கிளி ஜோசியம்தானம்மா, கிளி இல்லாம?" என்றேன். அவர் கோபப்படவில்லை, நிஜமாகவே யோசித்தார். "ஆமாண்ணே, கிளிக்குப் பதிலா நாமளே எடுக்கணும், அம்புட்டுத்தான்." அவர்கள் ஞானிகள் வழியில் இருபத்திரண்டு எழுத்து, எழுத்துக்கு ஒரு சீட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மரம், அந்த மரத்தின் வழியாகத்தான் வெளிச்சம் மேலேயிருந்து கீழே இறங்குகிறது. மரம் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கிளை, இலை, பழம், அணில் எல்லாம் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். "அணில் நல்லா இருக்குண்ணே, ஆனா இது பத்து வட்டம், இருபத்திரண்டு கோடு, அவ்ளோதான்" என்றார். மரமா அது, மின்வாரியத்து வரைபடம். உச்சி வட்டத்துக்குக் கிரீடம் என்று பேர், நான் சிவப்புக்கல் பச்சைக்கல் வைத்து ஒரு கிரீடம் போட்டேன், கீழே ஒரு தலையும் போட்டேன், கிரீடம் என்றால் தலை வேண்டாமா, தலை என்றால் கண் வேண்டாமா, கண் வரைந்த பிறகு புன்னகை தானாக வந்துவிடுகிறது. வேண்டாமாம். இருபத்தாறு வருஷமாகச் சாமி வரைந்த கை, சும்மா இருக்குமா. துறவியை வரைந்தால் பழனி ஆண்டியாக நின்றார். பூசாரிப் பெண்ணை வரைந்தால் சரஸ்வதி, வீணையை அழித்தேன், கை வீணையைப் பிடித்தபடியே அந்தரத்தில் நின்றது. சாத்தான் சீட்டில் சாத்தான் தாமரையில் உட்கார்ந்திருந்தான், வலது கையால் ஆசீர்வாதம் செய்தான். மரணச் சீட்டுக்கு எருமை போட்டேன். "எருமை ரொம்ப அழகுண்ணே, எடுத்துருங்க." சனிக்கிழமை போன் எடுக்கமாட்டார், அவர்களுக்கு அது ஓய்வுநாளாம், அது தெரியாமல் பெருமாளுக்கு விரதம் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒவ்வொரு வெள்ளியும் 'நாளைக்கு நல்லபடியா கும்பிடுங்கம்மா' என்று சொல்லிவந்தேன், அவரும் சரிண்ணே என்று சொல்லிவந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், உங்கள் சாமி எப்படித்தான் இருப்பார். "உருவம் கிடையாதுண்ணே. பேரு மட்டுந்தான்." அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமிக்கு உருவமே கிடையாது என்று எல்லாரும் முடிவுக்கு வந்துவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

அந்தப் பேர்தான் பத்தாவது சீட்டில், சக்கரச் சீட்டில், மூலைக்கு ஒன்றாக நாலு எழுத்தாக இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லையாம், இரண்டாயிரம் வருஷமாக. எழுதின தாளைக் கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, பழசாகிவிட்டால் பத்திரமாகச் சேர்த்து வைத்து மனுஷரைப் புதைக்கிற மாதிரி மண்ணில் புதைப்பார்களாம். இதை எனக்கு விளக்கவே வேண்டாம். என் வீட்டு மேஜை டிராயரைத் திறந்தால் பிள்ளையார் படம் போட்ட கல்யாணப் பத்திரிகையாகக் கொட்டும், யார் யார் கல்யாணமோ, சிலதில் பிள்ளைகளே காலேஜ் போய்விட்டார்கள், வீட்டுக்காரி ஜெயராணி ஒன்றைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டாள். கண்ணாடி உடைந்த சாமி படங்களை எல்லாரும் அரசமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோமே, அதேதான். அதனால் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன், ஒரு துண்டு வெளியே போகாது, நீங்கள் வந்து எடுத்துப்போய் உங்கள் தோட்டத்தில் புதைத்துக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டத்துக்கு நல்ல அட்டையை ஏற்றமாட்டோம், மெல்லிய தாள்தான். புதன்கிழமை அந்தச் சீட்டு மட்டும் நாற்பத்திரண்டு தாள் ஓடியது, நானே எண்ணினேன், மஞ்சள் துணியில் நானே கட்டினேன், மாடிக்குக் கொண்டுவந்து பீரோவில் வைக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. மாடிக்குப் பதினேழு படி. பதினேழு படி ஏறியிருந்தால் இன்றைக்கு நானே டீ குடித்துக்கொண்டிருப்பேன். கட்டு மெஷின் பக்கத்திலேயே கிடந்தது, வியாழக்கிழமை வண்டி வந்தது, அச்சுக் கழிவெல்லாம் எங்கே போகுமோ அங்கே போனது. தீபாவளிக்கு மறுநாள் தெருப் பெருக்கினால் தெரியுமே, பாடப்புத்தகம், சோப்பு டப்பா, தேர்தல் நோட்டீஸ், எல்லாம் குழாயாகச் சுருண்டு வெடித்துப் பொடிப்பொடியாகக் கிடக்கும். லட்சுமி வெடிக்கு லட்சுமியை நானே பதினான்கு தடவை வரைந்திருக்கிறேன். வருஷா வருஷம் அவளை வெடிக்கிறோம், அவளும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வருஷம் வருகிறாள். ஆனால் அவள் உள்ளூர், பழகினவள். இவர் நம்மை நம்பி வெளியூரிலிருந்து வந்தவர்.

ஏன் படியேறவில்லை. இதைத்தான் என் புத்தி காலையிலிருந்து தொட்டுத் தொட்டு விலகுகிறது, சொத்தைப் பல்லில் நாக்குப் போகிற மாதிரி. அதே புதன்கிழமை சாயங்காலம் பெட்டி மூடி சோதனைக்கு ஓடியது. சீட்டுக்கட்டு வைக்கிற பெட்டியின் மூடி. அதில், கீழே, சின்னதாக, 'சித்திரம்: மா. தங்கப்பழம், சிவகாசி'. தாமார் அம்மாவாகப் போடச் சொன்னது, நான் கேட்கவில்லை, கேட்கவில்லை என்றாலும் போடமாட்டாரா என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அது வேறு. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை கோடிச் சாமி. ஒவ்வொரு படத்தின் கீழும் ஜவுளிக்கடை பேர் இருக்கும், பாத்திரக்கடை பேர் இருக்கும், வரைந்தவன் பேர் இருக்காது. சலூனில் உட்கார்ந்தால் எதிரில் என் முருகன், பல் ஆஸ்பத்திரியில் என் துர்க்கை, நான்தான் வரைந்தேன் என்று சொன்னால் வாயைத் திறங்க என்பார்கள். அன்றைக்கு மெஷின்மேன் சங்கிலி ஈரம் காயாத தாளை உருவி, "அண்ணே, உங்க பேரு வந்துருச்சு" என்று நீட்டினான். என் காது அடைத்துக்கொண்டது. மஞ்சள் கட்டு, பதினேழு படி, இரண்டாயிரம் வருஷம், எல்லாம் மறந்துபோய், பேர் மடங்கிவிடாமல் வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, இல்லை, மாட்டவில்லை, ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒரு கையால் வண்டியோட்டி, நேரே கண்ணாடிக் கடைக்குப் போனேன். சட்டம் போட்டாயிற்று. ஜெயராணி அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டினாள், கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், பத்தி காட்டும்போது என் பேருக்கும் ஒரு சுற்று காட்டுவாள், நான் பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பேன். "தாள்ல பின்னால நெழலாத் தெரியுதே, எண்ணெக் கறையா?" என்று மட்டும் கேட்டாள். மெல்லிய தாள் அப்படித்தான் இருக்கும் என்றேன். பன்னிரண்டு நாளாக என் பேர் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. கடவுளின் பேரைக் குப்பை வண்டியில் ஏற்றியவன் தன் பேருக்குச் சட்டம் போட்டிருக்கிறான். இதை நானே இன்னொருத்தனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இன்று காலையில்தான் கட்டைத் தேடினேன். "அந்தக் கட்டாண்ணே? அது போயி ரெண்டு வாரமாச்சே" என்றான் சங்கிலி, கை துடைத்துக்கொண்டே. கழிவு எடுக்கிறவருக்குப் போன் போட்டேன், எல்லாம் சுற்றி, பசை காய்ந்து, நறுக்கி, மருந்தடைக்கப் போய்விட்டதாம், "அவசரமாத் தேவைன்னா வெடியாத்தான் தரமுடியும்" என்றார். சரி, வேறு தாளை வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன, மஞ்சள் துணி இன்னொன்று இருக்கிறது, காலண்டர் கழிவில் நாற்பத்திரண்டு தாள் எண்ணிவைத்தால் அவர் பிரித்தா பார்க்கப்போகிறார். பிரித்தால்? வட்டக்கானலில் குழி தோண்டி, மந்திரம் சொல்லி, துணியைப் பிரித்தால் உள்ளே நாற்பத்திரண்டு முருகன் சிரித்தால்? சரி, வாதம் ஒன்று இருக்கிறது, அவர் சொன்ன கதையையே அவருக்குத் திருப்பலாம். ஆதியில் வெளிச்சத்தைப் பாத்திரங்களில் ஊற்றினார்களாம், பாத்திரம் தாங்காமல் உடைந்து பொறி உலகமெங்கும் சிதறியதாம், அதைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் மனுஷர் வேலையாம். அவர் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, மருந்து கூடிப்போச்சு. சிவகாசிக்காரனுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அம்மா, உங்கள் சாமி முதலில் செய்ததைத்தான் நாங்கள் இப்போது செய்திருக்கிறோம். ஆகா. வக்கீலுக்குப் படித்திருக்கலாம். இதைச் சொன்னால் அவர் என்னைப் பார்ப்பார், அந்தப் பச்சைக் கண்ணால் பார்ப்பார், பெட்டியிலிருந்து என் பேரை எடுத்துவிடுவார். இதுதான். சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது. எனக்கு அவர் சாமியைப் பற்றிப் பயமில்லை, பேர் போய்விடுமே என்றுதான் பயம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பயம் போகமாட்டேன் என்கிறது.

போன். தாமார் அம்மா இல்லை, ஜெயராணி. "என்னங்க, யாரோ நமக்குச் செய்வினை வச்சுட்டாங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உங்க பேரு போட்ட படத்தைத் தொடைக்கலாம்னு எறக்குனேன், ஆணி கழண்டு பின்னட்டை கையோட வந்துருச்சு. உங்க பேருக்குப் பின்னாலயே ஒரு சக்கரம் போட்டு, மூலைக்கு ஒண்ணா நாலு எழுத்து எழுதியிருக்கு. என்ன பாஷைன்னே தெரியல. எதுத்த வீட்டக்கா பாத்துட்டு மலையாளத்து வேலைங்கிறா. வேப்பெண்ணெ ஊத்தி எரிச்சிரணுமாம், தீப்பெட்டி எடுத்துட்டேன்." சக்கரம். நாலு எழுத்து. சங்கிலி! அவனுக்குக் கைப்பழக்கம், சோதனைக்குப் புதுத்தாள் எடுக்கமாட்டான், ஏற்கெனவே ஓடின தாளைத் திருப்பி வெறும் பக்கத்தில் ஓட்டுவான், எந்த பிரஸ்ஸிலும் அப்படித்தான், மஞ்சள் கட்டிலிருந்து நாலைந்து தாளை உருவி அதன் முதுகில் என் பேரை அடித்திருக்கிறான், நிழலாகத் தெரிந்தது எண்ணெய்க் கறை இல்லை, அவர். பன்னிரண்டு நாளாக என் பேருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்திப்புகை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். "எரிக்காத!" என்று கத்தினேன், கீழே மெஷினே நின்ற மாதிரி இருந்தது. "எரிக்காத, கிழிக்காத, கீழ வைக்காத. துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு உடனே ஆட்டோல வா." "அப்ப செய்வினை இல்லையா?" "சாமி." "எந்தச் சாமிங்க?" "வெளியூர்ச் சாமி. தீப்பெட்டியைக் கீழ போடு மொதல்ல." தீப்பெட்டி விழுந்தது. "தெரியாம செய்வினைன்னு சொல்லிட்டனே" என்றாள், கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் போனில் கேட்டது.

ஒன்று இருக்கிறது. நாற்பத்திரண்டில் ஒன்று. ஒன்று என்பது பூஜ்யம் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றுதான் ஓடியது என்று சொல்லலாமா, போனில் நாற்பத்திரண்டு என்று பெருமையடித்தது யார், நான்தான், எல்லாவற்றையும் எண்ணிச் சொல்கிற வாய். கேட் மூடியிருந்ததோ திறந்திருந்ததோ, வாசலில் ஒரு ஆட்டோ, பின்னாலேயே இன்னொரு ஆட்டோ. ஒன்றிலிருந்து தாமார் அம்மா இறங்கினார், தோளில் அதே துணிப்பை, பையிலிருந்து களைக்கொத்து ஒன்றின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது, குழி தோண்டத் தயாராக வந்திருக்கிறார். இன்னொன்றிலிருந்து ஜெயராணி, கைக்குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி பட்டுப்புடவையில் சுற்றி. கல்யாணப் பட்டு. பதினேழு படியும் இறங்கினேன், எத்தனை தாவலில் இறங்கினேன் என்று தெரியவில்லை. டீ சொல்ல வேண்டும், டீ சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய் அவர் முன்னால் நின்றேன், வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "அம்மா, நாப்பத்தோரு தாள் போச்சு. வெடிக்குழாயா சுத்திட்டாங்க. என் பேரு அச்சாகி வந்த சந்தோசத்துல உங்க சாமி பேரை மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்." பாத்திரம் உடைந்த கதை, வக்கீல் வாதம், ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான் வந்தது.

அவர் பையைக் கீழே வைத்தார். பார்த்தார், நான் பயந்த அதே பார்வை. "ஒரு தாளுக்கு எத்தனை குழாய் வரும்ணே?" "முப்பது வரும்மா, சின்ன வெடின்னா நாப்பதுகூட." எதற்கு இந்தத் துல்லியம், யார் கேட்டது, அவர்தான் கேட்டார். "எனக்குக் கஷ்டமாத்தான் இருக்குண்ணே" என்றார். கண் கலங்கிவிட்டது, எனக்கும் கலங்கியது, ஜெயராணிக்கு என்ன ஏது என்று தெரியாமலே கலங்கியது. பிறகு அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது, அழப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்தார், அடக்கப் பார்த்து முடியாமல் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டாயிரம் வருசமா நாங்க அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்ல. நீங்க தீபாவளிக்கு ஊருக்கே கேக்குற மாதிரி ஆயிரம் தடவ சொல்லப்போறீங்க." ஜெயராணி புடவையைப் பிரித்து நீட்டினாள். அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பி, சக்கரத்தைப் பார்த்து, மறுபடி திருப்பி, என் பேரைப் பார்த்தார். ஒரே தாள். சாமியை எடுத்துவிட்டு என்னை வைத்துக்கொள்ளக் கத்தரிக்கோலால் முடியாது. ஜெயராணிக்கு அப்போதுதான் களைக்கொத்து கண்ணில் பட்டது. "பொதைக்கப் போறீகளா? உசுரோட இருக்கிற மனுசன் பேரையா குழியில போடுவாக? ஒத்துக்கிடமாட்டேன். பொட்டியிலயாவது இவுக பேரு இருக்குமா?" நான் கேட்கத் துடித்ததை அவள் கேட்டுவிட்டாள். தாமார் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருக்கணும்க்கா. பேரு இல்லைன்னா நான் யாரைத் திட்டுறது."

கொண்டுபோங்கள் என்றேன். ஜெயராணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். வட்டக்கானலில் ஒரு பேரிக்காய் மரத்தடியில் புதைப்பாராம், மழை நல்லாப் பெய்யுமாம், மெல்லிய தாள் சீக்கிரம் மண்ணாகிவிடுமாம். துணிப்பைக்குள் வைப்பதற்குமுன் கடைசியாக ஒருதடவை படித்துக்கொண்டேன், மா. தங்கப்பழம், மை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. எந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி வைப்பீர்கள் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்தச் சாமி பன்னிரண்டு நாள் எனக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். இனி அவர் வானத்தைப் பார்க்கட்டும், நான் மண்ணைப் பார்த்துக்கொள்கிறேன்.